பதினைந்து சீரும் ஒரு வெற்றிடமும்: வீட்டில் செய்த ஒரு புதிர் ஆட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் படுகையில், வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடைப் பக்கம் உள்ள ஒரு சிற்றூரில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். தொடர்புடைய எவருடைய பெயரும் இதில் இல்லை. ஆட்டத்தைச் செய்தவரைப் படைப்பாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

படைப்பாளர் நாற்பதைக் கடந்தவர். கடைத்தெருவில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். பட்டா மாறுதல், வருமானச் சான்றிதழ், பயிர்க் காப்பீடு ஆகியவற்றுக்குக் கணினியில் விண்ணப்பம் பதிந்து கொடுப்பதும் அங்கேதான். இளமையிலிருந்து வெண்பா எழுதுகிறார், சிறுகதைகளும் எழுதுகிறார். சிற்றிதழ்களுக்கு அனுப்பியவற்றில் சில அச்சேறின, பெரும்பாலானவை பதிலின்றிப் போயின. சொந்தச் செலவில் தொகுப்புப் போட்ட நண்பர்களின் வீட்டுப் பரணில் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்தவர். அதனால் அந்த வழியில் அவருக்கு ஆசை இல்லை. கடையில் ஆள் வராத மதிய நேரங்களில் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டு, தம் கவிதைகளையும் கதைகளையும் உள்ளே வைத்து ஒரு புதிர் ஆட்டம் செய்தார். கைப்பேசி உலாவியில் திறக்கும் ஒற்றைக் கோப்பு அது. கடைக்கு வருபவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்பது திட்டம்.

மென்பொருள் சோதனை என் தொழில். ஊர்ப் பழக்கத்தில், வெளியில் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார். 2024ஆம் ஆண்டின் கோடை அது. அந்த ஆண்டு வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. ஆற்று நீரை மட்டும் நம்பியிருந்தவர்கள் குறுவையைத் தொடங்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். கடையில் உட்கார்ந்து ஆடிப் பார்க்க ஆள் கிடைத்ததற்கும், சில கவிதைகள் சற்றுக் கூடுதலாகவே உறைத்ததற்கும் இதுவும் ஒரு காரணம்.

ஆட்டத்தின் அமைப்பு

ஆட்டத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன.

முதல் பகுதி வெண்பாக் கட்டம். திருவிழாக் கடைகளில், 1 முதல் 15 வரை எண் போட்ட வில்லைகளை ஒரு காலி இடத்தைக் கொண்டு நகர்த்தி வரிசைப்படுத்தும் பிளாஸ்டிக் பலகை விற்பார்கள். நாலுக்கு நாலு, மொத்தம் 16 இடம், அதில் ஒன்று காலி. நேரிசை வெண்பாவுக்கு நான்கு அடி. முதல் மூன்று அடிகளுக்கு நான்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று. கூட்டினால் 15. பலகையின் வலது கீழ் மூலையில் காலியாக இருக்க வேண்டிய இடமும், ஈற்றடியில் நான்காம் சீர் இல்லாத இடமும் ஒன்றே. எண்ணுக்குப் பதில் சீரை எழுதினால் பலகையே வெண்பாவாகிவிடுகிறது. இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்ததற்காகவே படைப்பாளரைப் பாராட்ட வேண்டும். மற்ற குறைகளையெல்லாம் அதற்குப் பிறகுதான் பேச வேண்டும்.

சோதனையில் அதிகம் ஆடப்பட்ட வெண்பாவை அவர் அனுமதியோடு தருகிறேன்:

மேட்டூர் திறந்தால் விரைந்துவரும் நீருக்குப்
பாட்டன் வயலே கடைசிநிலம் – கேட்டாயோ
நாற்று முதிர்ந்து நரைத்தபின் வந்ததுகாண்
சேற்றுக்கும் போதாத நீர்

செய்யுளைக் கட்டத்தில் அடைப்பது படுகைக்குப் புதிதல்ல. சீர்காழியில் பிறந்த ஞானசம்பந்தர் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்றுப் பதிகம் பாடினார். குடந்தை ஆராவமுதன்மீது திருமங்கையாழ்வாரும், சுவாமிமலை முருகன்மீது அருணகிரிநாதரும், எண்களை ஒன்று முதல் ஏழுவரை ஏற்றியும் இறக்கியும் அடுக்கும் எழுகூற்றிருக்கை பாடினார்கள். அதைத் தேர் வடிவில் எழுதிக் காட்டுவது வழக்கம். ஆனால் இப்படி வடிவத்துக்குள் செய்யுளை அடைக்கும் சித்திரகவியில் சவால் முழுவதும் புலவனுக்குத்தான். முடிந்த வடிவத்தைப் பார்த்து வியப்பதோடு படிப்பவனின் வேலை தீர்ந்துவிடும். இந்த ஆட்டமோ முடிந்த செய்யுளைக் கலைத்துப் போட்டு, அடுக்கும் வேலையைப் படிப்பவரிடம் தருகிறது.

இரண்டாம் பகுதிக்கு வாய்க்கால் என்று பெயர். திரையில் துண்டு துண்டாகக் கிடக்கும் வாய்க்கால்களைத் திருப்பி, தலைமதகிலிருந்து கடைசி வயல்வரை நீர் ஓடவைக்க வேண்டும். நீர் சேர்ந்தால் பரிசாகச் சிறுகதையின் ஒரு பகுதி திறக்கும். ஐந்து கதைகள், ஒவ்வொன்றும் மூன்று பகுதி.

முதல் சுற்றில் கண்டவை

பத்துப் பன்னிரண்டு பேர் ஆடினார்கள். கல்லூரி மாணவர்கள், கடை வேலையாள், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர், விவசாயிகள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, கேட்டாலொழியப் பேசாமல் இருப்பது என்பதே முறை. படைப்பாளருக்கு இரண்டாவது கடினமாக இருந்தது. யாராவது தடுமாறினால் அவர் கை தானாக நீளும். ஆகவே அவரைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்காரவைத்தோம்.

வாய்க்கால் பகுதியை எல்லோரும் விரும்பினார்கள். நீர் கடைசி வயலில் ஏறும்போது முகத்தில் தெரிந்த திருப்தி உண்மையானது. அடுத்த நொடியில் கதைப் பகுதி திறந்தது. 'அடுத்து' என்ற பொத்தானைத் தேடி விரல் போனது. கதை ஒரு திரைக்குமேல் நீண்டபோது கீழே இழுத்துப் படித்தவர்கள் இருவர் மட்டுமே. அந்த இருவரும் படைப்பாளரின் நெருங்கிய நண்பர்கள். ஒரு மாணவரிடம் கதை எதைப் பற்றியது என்று பின்னர் கேட்டபோது, "தண்ணீர் பற்றியது" என்றார். அந்தக் கதையில் நடப்பது ஒரு கல்யாணம்.

இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. புதிரில் ஈடுபட்டிருக்கும் மனம் அடுத்த புதிரைத்தான் தேடும். நடுவே வரும் எழுத்து, அது எவ்வளவு நல்ல எழுத்தாக இருந்தாலும், வழியில் குறுக்கிடும் சோதனைச் சாவடியாகவே தெரிகிறது. படைப்பாளர் கதையைப் பரிசு என்று நினைத்து வைத்திருந்தார். ஆடியவர்களுக்குப் பரிசு நீர் ஏறியபோதே கிடைத்துவிட்டது.

வெண்பாக் கட்டத்தில் நிலைமை வேறு. அங்கே படிக்காமல் ஆடவே முடியாது. வாய்விட்டுப் படித்தார்கள், தவறாக அடுக்கிப் படித்துச் சிரித்தார்கள், மறுபடியும் கலைத்தார்கள். ஓர் அப்பாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பேத்தி வில்லைகளில் உள்ள சீர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் காதால் கேட்டே வரிசை சொன்னார். 'நாற்று' என்றதும் 'முதிர்ந்து' அதனோடு போகும் என்றார். குறுவை நாற்றைச் சில வாரங்களுக்குள் பறித்து நடவேண்டும், வயது போனால் அதனால் பயனில்லை என்று பேத்திக்கு விளக்கமும் சொன்னார். 'நரைத்தபின்' எங்கே போகும் என்பதில்தான் கொஞ்சம் தயங்கினார். நாற்று நரைக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லையாம். பிறகு அவரே, "சொல்லலாம், தப்பில்லை" என்று இடம் கொடுத்தார்.

ஆனால் இந்தப் பகுதியில்தான் மிகப் பெரிய கோளாறும் இருந்தது.

தீராத புதிர்

ஆடியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கடைசி அடியில் சிக்கி நின்றார்கள். மேல் மூன்று அடிகளும் சரியாக நிற்கும். கீழே 'போதாத சேற்றுக்கும் நீர்' என்று இருக்கும். அந்த இரண்டு வில்லைகளை மட்டும் இடம் மாற்ற முடியாது. மாற்ற முயன்றால் மேலே ஏதாவது கலையும். ஒரு கல்லூரி மாணவர் மின்சாரம் போய் வந்த பிறகும் விடாமல் அதையே நகர்த்திக்கொண்டிருந்தார். கடைசியில் தமக்கு மூளை போதாது என்று சொல்லி எழுந்து போனார்.

பழி முதலில் கவிதைமீதும் பிறகு ஆடியவர்கள்மீதும் விழுந்தது. விடை தெரிந்த படைப்பாளரே ஆடியபோதும் சில தடவை சிக்கியதுதான் உண்மையைக் காட்டியது. இன்னொரு தடயமும் கிடைத்தது. வேறொரு வெண்பாவில் 'வாய்க்கால்' என்ற சீர் இரண்டு இடங்களில் வரும். அதை மட்டும் யாரும் முடிக்காமல் விடவில்லை; எப்போதும் சரியாக அடுக்கிவிட்டார்கள். ஆயினும் பாதித் தடவை ஆட்டம் அதை ஏற்கவில்லை. திரையில் வெண்பா பிழையின்றி நிற்கும். வாழ்த்துச் செய்தி வராது.

இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். நகரும் வில்லைப் பலகையில், நினைத்த எல்லா அடுக்குகளையும் அடைய முடியாது. சரியாகப் பாதியைத்தான் அடையலாம். அடையக்கூடியவை 10.46 லட்சம் கோடி. அடைய முடியாதவையும் அதே அளவு. 1880இல் இந்தப் பலகை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் பித்தாகப் பரவியபோது, 14, 15 இரண்டை மட்டும் இடம் மாற்றி வைத்து அதைச் சரிசெய்தால் ஆயிரம் டாலர் என்று சாம் லாய்ட் என்ற புதிர் வல்லுநர் பந்தயம் கட்டியதாகச் சொல்வார்கள். அவர் பணம் இழக்க வழியே இல்லை. அது முடியாது என்ற கணித நிரூபணம் 1879இலேயே அச்சாகிவிட்டது. எங்கள் 'போதாத சேற்றுக்கும்' அதே பதினான்கும் பதினைந்தும் போன்ற கதைதான், ஓர் இடம் முன்னால்.

படைப்பாளரின் நிரல், ஆட்டம் தொடங்கும்போது 15 சீர்களையும் குலுக்கி, சீட்டுப் போடுவதுபோல் இடங்களில் போட்டது. அப்படிப் போட்டால் இரண்டுக்கு ஒரு தடவை தீர்க்க முடியாத அடுக்கே வரும். 'வாய்க்கால்' இரண்டு முறை வரும் வெண்பாவில் மட்டும் இந்தத் தடை பொருந்தாது. இரண்டு வில்லைகளும் ஒரே சொல்லைத் தாங்குவதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நின்றாலும் பார்ப்பவருக்கு வேறுபாடு இல்லை. எந்த அடுக்கிலிருந்தும் செய்யுளை எட்டிவிடலாம். ஆனால் நிரல் சொல்லைப் பார்க்கவில்லை, வில்லையின் உள் எண்ணைப் பார்த்தது. அதன் கணக்கில் இரண்டு வாய்க்கால்களும் வேறு வேறு. அதனால்தான் சரியான விடையை மறுத்தது.

எழுத்துகள் உடைந்தது

இது சிறிய செய்தி. ஆனால் தமிழில் இப்படி எதையாவது செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும். முகப்பில் வெண்பாவின் முதல் சீரை எழுத்து எழுத்தாக வெளிப்படுத்தும் ஓர் அலங்காரம் இருந்தது. 'மேட்டூர்' நான்கு எழுத்து. கணினிக்கு அது எட்டுக் குறி. இரட்டைக்கொம்பு, புள்ளி, ஊகாரச் சுழி எல்லாம் தனித்தனி. நிரல் குறி குறியாக வெட்டியதால் 'ம' வந்து, கொம்பு பிறகு வந்து, இடையே புள்ளிவட்டங்கள் தோன்றின. உலாவிகளிலேயே எழுத்துக் கூட்டாகப் பிரித்துத் தரும் வசதி இப்போது இருக்கிறது. அதைப் பயன்படுத்தியதும் சரியாயிற்று. அந்த வசதியும் 'க்ஷ'வை இரண்டாகத்தான் பிரிக்கிறது. படைப்பாளர் வடவெழுத்தே கலக்காதவர் என்பதால் அது அவரைத் தொடவில்லை.

தளையா, பொருளா

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஆடியது தனியாகக் குறிப்பிடத் தக்கது. அவர் பொருளைப் பார்க்கவே இல்லை. மாவுக்கு முன் நிரை, விளத்துக்கும் காய்க்கும் முன் நேர் என்று, ஒரு சீருக்கு அடுத்து எந்த அசை வர வேண்டும் என்பதைச் சொல்லும் தளை வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே அடுக்கினார். விரைவாக அடுக்கினார், விடை தவறாக இருந்தது. அவருக்குக் கோபம் வந்தது.

"ஐயா, தளை எங்கேயாவது தட்டுகிறதா?" என்று படைப்பாளர் கேட்டார்.

"எங்கேயும் தட்டவில்லை. பிறகு ஏன் உன் பெட்டி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது?"

அவர் கேட்டது நியாயம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். தேமா, புளிமா போன்றவை சீரின் ஓசை அமைப்பைக் குறிக்கும் வாய்பாட்டுப் பெயர்கள். மேலே கொடுத்த வெண்பாவில் மேட்டூர், பாட்டன், நாற்று மூன்றும் தேமா. திறந்தால், வயலே, முதிர்ந்து மூன்றும் புளிமா. விரைந்துவரும், கடைசிநிலம் இரண்டும் கருவிளங்காய். நீருக்குப், கேட்டாயோ, சேற்றுக்கும், போதாத நான்கும் தேமாங்காய். ஒரே வாய்பாட்டுச் சீர்களை எப்படி மாற்றி வைத்தாலும் தளை கெடாது. அப்படி மட்டும் மாற்றினாலே 1728 அடுக்குகள் வெண்பாவுக்குரிய தளை பிழையாமல் நிற்கும். எதுகையையும் காப்பது என்று வைத்துக்கொண்டால் அவை 48 ஆகக் குறையும். 'நீருக்குப்' என்பதன் இறுதியில் நிற்கும் ப் அடுத்த சீர் பகரத்தில் தொடங்க வேண்டும் என்று காட்டுகிறது. அதையும் சேர்த்தால் 12. பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்கு வருவதற்குப் பொருளைத் தவிர வேறு வழியில்லை. 'மேட்டூர் வயலே விரைந்துவரும்' என்று ஓர் அடுக்கு இலக்கணப்படி நிற்கும். வயல் விரைந்து வராது.

யாப்புத் தெரியாதவர்கள் தொடங்கியது மறுமுனையிலிருந்து. பொருளையும் ஓசையையும் பிடித்துக்கொண்டு, ஒற்றெழுத்தை ஒரு துப்பாகப் பயன்படுத்தினார்கள். ஒற்று மிகும் இடங்களைப் பள்ளியில் சூத்திரமாகப் படித்து மறந்தவர்கள், 'நீருக்குப்' என்று வாய்விட்டுச் சொன்னதும் 'பா' என்றோ 'போ' என்றோ தேடியதைப் பார்த்தேன். மறுநாள் கேட்டபோது கவிதையை இவர்கள் ஏறக்குறைய முழுதாகச் சொன்னார்கள். வாய்பாட்டால் அடுக்கிய ஆசிரியருக்கு ஈற்றடி மட்டும் நினைவில் இருந்தது. நாலைந்து பேரை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. இருந்தாலும் படைப்பாளரின் அடுத்த முடிவுகள் பெரும்பாலும் இதிலிருந்தே வந்தன.

முடிவுகளும் காரணங்களும்

முதலில் தீராத அடுக்குகள் ஒழிய வேண்டும். இரண்டு வழிகள் இருந்தன. குலுக்கிய பிறகு அடுக்கு தீரக்கூடியதா என்று கணித்து, இல்லையென்றால் இரண்டு வில்லைகளை மாற்றிவிடுவது ஒன்று. சரியாக அடுக்கிய பலகையிலிருந்து தொடங்கி, ஆடுபவர் நகர்த்துவதுபோலவே வில்லைகளை நகர்த்தி நகர்த்திக் கலைப்பது மற்றொன்று. படைப்பாளர் இரண்டாவதைத் தேர்ந்தார். கலைத்த வழியிலேயே திரும்பி வரலாம் என்பதால் தீரும் என்பது அவருக்கே விளங்கியது. யாரையும் நம்பி ஏற்க வேண்டியிருக்கவில்லை. கூடவே ஓர் ஆதாயமும் கிடைத்தது: எத்தனை நகர்வு கலைக்கிறோம் என்பதைக் குறைத்தும் கூட்டியும் கடினத்தை மாற்றலாம். எந்த அடுக்கானாலும் அதிகபட்சம் 80 நகர்வில் தீர்த்துவிடலாம் என்பது கணினி கொண்டு நிறுவப்பட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு ஆகும். ஆகவே முதல் சில வெண்பாக்களைக் கொஞ்சமாகக் கலைத்து வைத்தார். விடையைச் சரிபார்ப்பதை எண்ணிலிருந்து சொல்லுக்கு மாற்றியது ஒரே வரி வேலை.

அடுத்தது, முடிக்க முடியாதவர்களுக்குக் கவிதையைக் காட்டுவதா என்பது. இதில் நீண்ட விவாதம் நடந்தது. "கஷ்டப்படாமல் கிடைத்தால் யார் மதிப்பார்கள்?" என்பது படைப்பாளரின் கேள்வி. நோக்கம் புதிரா, கவிதையா என்று நான் கேட்டேன். படிக்கப்பட வேண்டும் என்று எழுதியதைப் பூட்டி வைத்துவிட்டுச் சாவியைச் சிலருக்கு மட்டும் தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் முழுதாக ஒப்பவில்லை. 'கவிதையைக் காட்டு' என்ற பொத்தான் சேர்ந்தது, கொஞ்ச நேரம் ஆடிய பிறகுதான் தோன்றும் என்ற நிபந்தனையோடு.

மூன்றாவது, வில்லையின் அளவு. 'விரைந்துவரும்' போன்ற நீண்ட சீர்கள் சின்னத் திரையில் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் வயதானவர்களுக்குத் தெரியவில்லை. படைப்பாளர் சீர்களைச் சுருக்கத் தொடங்கினார். காய்ச்சீர்களை எல்லாம் மாச்சீராக்கி இரண்டு வெண்பாக்களை மாற்றி எழுதினார். வில்லையில் அழகாக உட்கார்ந்தன. படித்தால் சந்தைக் கணக்கு வாசிப்பதுபோல் இருந்தன. சித்திரகவியில் பெரும் புலவர்களுக்கும் நேர்ந்த இடர் இது: கட்டம் நிரம்பிவிடும், கவிதை வெளியேறிவிடும். அவரே இரண்டையும் நீக்கிவிட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்பினார். கைப்பேசியைக் கிடையாகப் பிடிக்கச் சொல்லி ஒரு குறிப்பு வைத்தோம். அழகான தீர்வு அல்ல, ஆனால் செய்யுளைத் தொடவில்லை.

கதைகளுக்கு வழி காண்பதுதான் சிரமமாக இருந்தது. வெண்பாவைப்போல் கதையையும் புதிருக்குள் கொண்டுவந்தால் படிப்பார்கள் அல்லவா என்று படைப்பாளர் கேட்டார். ஒரு கதையை எடுத்து முயன்றார். நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று நீர் பிரிகிறது. கதை அந்தப் பக்கத்தில் முறைப்பாசனக் காலத்தில் நடக்கிறது. எந்த மதகை எந்த நாளில் திறக்க வேண்டும் என்ற விவரம் கதைக்குள் மட்டுமே இருக்கும்படி செய்தார். கதையைப் படிக்காமல் நீர் ஓடாது.

படித்தார்கள். ஆனால் எப்படிப் படித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கிழமையும் மதகின் பெயரும் எங்கே வருகின்றன என்று விரலால் தேய்த்துக்கொண்டே போனார்கள். கதையில் ஒரு லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் பணியாளர், இரவில் மதகடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் இடம் இருக்கிறது. படைப்பாளரின் எழுத்தில் மிகச் சிறந்த பக்கம் அது என்பேன். அதில் தேதி எதுவும் இல்லாததால் எல்லோரும் தாண்டிப் போனார்கள். பள்ளி மாணவி ஒருத்தி, "அண்ணா, இது உரைநடைப் பகுதியைப் படித்து விடை எழுதுக மாதிரி இருக்கிறது" என்றாள். அன்று மாலையே அந்தப் புதிரை அவர் எடுத்துவிட்டார்.

கடைசியில் கதைகளுக்கும் புதிருக்கும் இருந்த தொடர்பு அறுக்கப்பட்டது. ஐந்து கதைகளும் ஆட்டத்துக்குள்ளேயே, பூட்டில்லாமல், தனிப் பட்டியலாக வைக்கப்பட்டன. வாய்க்கால் பகுதியை வெறும் விளையாட்டாக விட்டுவிட்டார். அதை நீக்கச் சொல்லி நான் சொன்னேன், கேட்கவில்லை. அதை ஆடத்தான் பலர் ஆட்டத்தையே திறக்கிறார்கள் என்பது அவர் வாதம். பிறகு நடந்ததைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

பின்விளைவு

திருத்திய ஆட்டம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் கைமாறியது. சில கைப்பேசிகளில் கோப்பை மூடித் திறந்தால் எங்கே நிறுத்தினோம் என்பது அழிந்துபோனது. ஒவ்வொரு வெண்பாவையும் தனியாகத் தேர்ந்தெடுக்கும்படி முகப்பை மாற்றியதும் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

'கவிதையைக் காட்டு' பொத்தான் எதிர்பார்த்ததுபோல் நடக்கவில்லை. அழுத்தியவர்களில் சிலர் கவிதையைப் பார்த்த பிறகு திரும்பிப் போய், விடை தெரிந்த நிலையிலேயே அடுக்கி முடித்தார்கள். அடுக்குவது வேறு வேலை, கண்டுபிடிப்பது வேறு வேலை. இரண்டாவது போனாலும் முதலாவது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

தமிழாசிரியர் கோபம் தணிந்து, கடையிலேயே வெண்பாவைத் தடித்த தாளில் அச்செடுத்து, சீர் சீராக வெட்டிக்கொண்டு போனார். பேரனுக்கும் அவன் நண்பர்களுக்கும் தளை சொல்லிக் கொடுக்கிறார். 1728, 48, 12 என்ற படிகளை அவர் பாடமாகவே ஆக்கிவிட்டார்.

மிகவும் எதிர்பாராதது வேறொரு வெண்பாவில் நடந்தது. அதன் முடிவு 'பழைய / கரையில் புதிய மரம்' என்று இருந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா அதை 'புதிய / கரையில் பழைய மரம்' என்று அடுக்கினார். பழைய, புதிய இரண்டுமே புளிமா. தளை அப்படியே நிற்கிறது. ஆட்டம் ஏற்கவில்லை. அவர் விடவில்லை: "கரையைத்தான் சிமெண்ட் போட்டுப் புதிதாக்கினார்கள். மரம் எப்போதும் இருந்ததுதானே?" படைப்பாளர் எழுதியது ஆற்றங்கரையில் மரக்கன்று நட்ட ஒரு பழைய நினைவை வைத்து. அவருடைய வரியில் நம்பிக்கை இருக்கிறது. அந்த அம்மாவின் வரியில் ஊர் இருக்கிறது. சில நாள் யோசித்துவிட்டு வெண்பாவையே மாற்றிக்கொண்டார். இப்போது ஆட்டத்தில் இருப்பது அந்த அம்மாவின் அடுக்கு.

கதைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தனிப் பட்டியலுக்குப் போனபின் அவற்றைத் திறப்பவர்கள் குறைவு. திறந்தவர்களில் சிலர் கடைக்கு வந்து பேசினார்கள். லஸ்கரின் இரவைப் பற்றி இருவர் கேட்டார்கள். முன்பு எல்லோருக்கும் திறந்து எவரும் படிக்காமல் போனதற்கு இது மேல் என்று படைப்பாளர் நினைக்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்னொரு முறை இதைத் தொடங்கினால் கணினியைத் தொடுவதற்கு முன் தாளில் சீர்களை வெட்டி நான்கு பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். தளை சார்ந்த குழப்பமும் மாற்று விடைகளும் முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். தாள் துண்டுகளை நகர்த்தாமல் எடுத்து வைப்பார்கள் என்பதால் தீராத அடுக்குச் சிக்கல் மட்டும் அதில் தெரியாது. அதற்கு அந்தத் திருவிழாப் பலகை ஒன்றை வாங்கி எண்களின்மேல் சீர்களை ஒட்டியிருந்தால் போதும்.

சோதிப்பவர்களில் கவிதை அறியாதவர்கள் அதிகம் இருக்க வேண்டும். நண்பர்கள் மரியாதைக்காகப் படிக்கிறார்கள்; அவர்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு கவிதையையோ கதையையோ புதிருக்கு வெளியே எடுத்து வைத்தாலும் புதிர் மாறாமல் இயங்குகிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இயங்கினால் அதைத் தனியாகவே வைத்துவிடலாம்.

மாற்று விடைகளை என்ன செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. எல்லாவற்றையும் ஏற்றால் புதிர் இல்லை. படைப்பாளருடையதை மட்டும் ஏற்றால் அந்த அம்மாவைப் போன்றவர்கள் தவறு செய்தவர்களாகிறார்கள். இப்போதைக்கு 'இப்படியும் வைக்கலாம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஆடியவரின் அடுக்கு அப்படியே நகலாகும். அதைப் படைப்பாளரின் எண்ணுக்கு அனுப்பலாம். வருபவற்றில் பெரும்பாலானவை கேலி. இரண்டை அவர் எடுத்து வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்று தளை தட்டுகிறது. ஆனாலும் நன்றாக இருக்கிறது என்கிறார், ஆசிரியரிடம் இன்னும் காட்டவில்லை.